அளக்காத மூலை

"எனக்கு எப்போ அம்மா கோலைக் குடுப்பீங்க?"

கோமதிநாயகம் கேட்டார்.

குரு உலகம்மை ஆட்டுக்கு அகத்தித் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அண்ணாச்சி."

அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சீடர் கோமதிநாயகம், குரு உலகம்மை. ஆனால் வயதில் சீடர்தான் மூத்தவர். பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டு, தலை முழுக்க நரைத்த பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

அது அவருக்கு உள்ளுக்குள் உறுத்தும். வெளியே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆட்டைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மடத்தில் பூஜை கிடையாது. உபதேசம் கிடையாது. ஊர்க்காரர்கள் நிலத்தகராறோடு வருவார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்.

இதுவும் அதுவும் ஒண்ணா?

ஒண்ணு என்றால், இதைத் தூக்கி அதன்மேல் வைத்தால் ஒரு ஓரமும் வெளியே நீட்டக் கூடாது. நிலத்தைத் தூக்கி நிலத்தின்மேல் வைக்க யாராலும் முடியாது. அதனால் அளப்பார்கள். அந்தப் பக்கத்து வயல்கள் எல்லாம் மூன்று மூலை வயல்கள். இரண்டு வயலையும் இரண்டு முக்கோணமாகச் சுண்ணாம்புப் பொடியில் தரையில் வரைவார்கள். இதில் ஒரு பக்கமும் அதில் ஒரு பக்கமும் சமமாக இருந்தால் இரண்டிலும் ஒரு கீறல். இன்னொரு ஜோடி சமமாக இருந்தால் இரண்டு கீறல். மூலைகள் சமமாக இருந்தால் மூலைக்குள் ஒரு வளைவு. குறிகளைப் பார்த்துவிட்டு, ஒண்ணு, இல்லாவிட்டால் வேற என்று சொல்வார்கள்.

மடத்தில் ஒரே ஒரு விதி. அளந்த இடத்தில் மட்டும்தான் குறி போடலாம்.

அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் முடிவு. ஊர் அதற்குமேல் பேசாது.

"சொல்லுங்க பார்ப்போம்" என்றார் உலகம்மை. "எப்போ ஒண்ணுன்னு சொல்லலாம்?"

கோமதிநாயகத்துக்குச் சலிப்பு. இதை எத்தனை தடவை ஒப்பிப்பது?

"மூணு பக்கமும் சமமா இருந்தா ஒண்ணு. ரெண்டு கோணமும், நடுவுல இருக்கிற பக்கமும் சமமா இருந்தா ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஒரு கோணமும் சமமா இருந்தா ஒண்ணு."

"எந்தக் கோணம்?"

"அந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற கோணம். இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"தெரியுது" என்றார் உலகம்மை.

அந்த நேரத்தில் இரண்டு பெண்கள் பாறைச் சரிவில் ஏறி வந்தார்கள்.

*

அக்கா மாடத்தி. தங்கை சடைச்சி.

அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஒரு துண்டு, அந்தக் கரையில் ஒரு துண்டு விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ரெண்டும் ஒரே அளவு, ஆளுக்கு ஒண்ணு என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினானாம். ஒரே அளவுதானா என்று மடம் பார்த்துச் சொன்னால் வேலி போட்டுவிடலாம். நடவுக்கு நாள் நெருங்குகிறது. மாடுகள் வாய்க்காலுக்குத் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் வயலுக்குள் இறங்கிவிடுகின்றன.

உலகம்மை சுவரில் சாய்ந்திருந்த கோலைக் காட்டினார்.

"கொண்டு போங்க அண்ணாச்சி."

கோமதிநாயகத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"குடுக்கல. கொண்டு போகச் சொன்னேன்."

அவருக்கு அது போதும். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வயலுக்குப் போகிறவர் யாராவது வெள்ளை வேட்டி கட்டுவாரா? அவர் கட்டினார்.

*

இரண்டு வயலுக்கும் ஒரே மாதிரி அமைப்பு. மேலே ஒரு நீள வரப்பு. அதன் ஒரு முனை வாய்க்காலைத் தொடும். அடுத்த முனையிலிருந்து இன்னொரு வரப்பு சரிந்து இறங்கி வாய்க்காலுக்குப் போகும். மூன்றாவது பக்கம் வாய்க்கால் கரை.

மேல் வரப்பை அளந்தார். அக்காவுடையதும் தங்கையுடையதும் சமம்.

சரிவு வரப்பை அளந்தார். அதுவும் சமம். கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

இனி அந்த இரண்டு வரப்பும் சேருகிற மூலை. மடத்தில் அதற்கு ஒரு கருவி உண்டு. இரண்டு மரச்சட்டத்தை ஒரு முனையில் ஆணியடித்துச் சேர்த்திருப்பார்கள். மூலையில் வைத்து விரித்தால் கோணம் அதில் நிற்கும். அப்படியே தூக்கிக்கொண்டு போய் அடுத்த வயலின் மூலையில் வைத்துப் பார்க்கலாம்.

மாடத்தியின் வயலில் அந்த மூலையில் பாம்புப் புற்று இருந்தது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் முட்டை ஓடு கிடந்தது.

"அங்க சட்டத்தைக் கொண்டு போகாதீங்க சாமி" என்றாள் மாடத்தி. "வெள்ளிக்கிழமை வச்சுக் கும்பிடுற இடம்."

சரி, கோணம் வேண்டாம். மூன்றாவது பக்கத்தை அளந்தால் முடிந்தது. வாய்க்கால் கரைக்குப் போனார். முழங்கால் அளவுக்குச் சேறு. நண்டு வளை. தண்ணீர் கரையை அரித்து வைத்திருந்தது.

வேட்டியைப் பார்த்தார்.

மேல் வரப்பு வாய்க்காலைத் தொடுகிற மூலை மட்டும் காய்ந்து கிடந்தது. அங்கே சட்டத்தை வைத்து விரித்தார். அதைத் தூக்கிக்கொண்டு பாலம் வழியாக அந்தக் கரைக்குப் போய்ச் சடைச்சியின் வயலில் அதே மூலையில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

இரண்டு பக்கம் சமம். ஒரு கோணம் சமம்.

நடுவில் இருக்கிற கோணம் இல்லைதான். மூன்று மூலையில் ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தானே இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதிலேயே விஷயம் இருக்கிறது.

சடைச்சி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சாமி, என் துண்டு கொஞ்சம் குறுகலா இருக்காப்ல தெரியுதே."

"கண்ணால பார்த்தா அப்படித்தான் தெரியும். கண்ணை நம்பக் கூடாது. குறியை நம்பணும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டாள்.

ஊருக்கு நடுவே அரசமரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கோமதிநாயகம் சுண்ணாம்புப் பொடியில் இரண்டு முக்கோணம் வரைந்தார். மேல் வரப்பில் ஒவ்வொரு கீறல். சரிவு வரப்பில் இரண்டிரண்டு கீறல்.

வளைவு போட வேண்டும். கை நின்றது.

அளந்த மூலையில் போட்டால் ஒண்ணு என்று சொல்ல முடியாது. மடத்துக்கு வந்த முதல் வாரத்துச் சீடன்கூடப் பார்த்துவிட்டு, இது நடுக்கோணம் இல்லையே என்பான்.

கை நடு மூலைக்குப் போனது. புற்று இருந்த மூலைக்கு. அவர் சட்டமே வைக்காத மூலைக்கு. அங்கே வளைவு போட்டார். இரண்டிலும்.

"ரெண்டும் ஒண்ணு" என்றார்.

ஊர் கும்பிட்டது. ஒரு கிழவர் காலில் விழப் பார்த்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே காலை நகர்த்தாமல் நின்றார் கோமதிநாயகம்.

வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

மடத்துக்கு வந்ததும் உலகம்மை கேட்டது ஒரே கேள்வி.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு அம்மா."

"சரி."

அவ்வளவுதான். அந்தச் 'சரி' அவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று யோசிக்கவும் பிடிக்கவில்லை.

*

வேலி போடுகிறவர் தளவாய். உடைமுள் வெட்டிக் கட்டுக் கட்டாக இறக்கியிருந்தார். ரெண்டு வயலும் ஒண்ணு என்று மடம் சொல்லிவிட்டதால் முள்ளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் வயலுக்கு அவரவர் வீட்டு ஆள்களே வேலி கட்டினார்கள். இரண்டு வரப்பையும் முடித்துவிட்டு, கடைசியில் வாய்க்கால் கரைக்கு வந்தார்கள்.

மாடத்திக்கு முள் பத்தவில்லை. வாய்க்கால் கரையில் ஒரு மாடு தாராளமாக நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது.

சடைச்சிக்கு மிஞ்சிப்போனது. மிச்சக் கட்டுகள் அவள் வீட்டு வாசலில் கிடந்தன.

வயல் ஒண்ணு. முள் ஒண்ணு. ஒருத்திக்குக் குறைகிறது, ஒருத்திக்கு மிஞ்சுகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஊருக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை.

கூடப்பிறந்தவள் முள்ளையே திருடுகிறாள், நாளைக்கு நெல்லை விடுவாளா என்றார்கள். முள்ளை வைத்து மெத்தை தைக்கப் போகிறாளாம் என்று கிணற்றடியில் சிரித்தார்கள். நடவுக்கு ஆள் சேர்த்தபோது அவளைக் கூப்பிடவில்லை. அவளாகவே போய் நின்றபோது, ஆள் போதும் என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னால் வந்தவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கோமதிநாயகத்துக்கு ஆள் வந்தது. போனார்.

அரசமரத்தடியில் அவர் வரைந்த முக்கோணங்கள் இன்னும் அழியவில்லை. மாடத்தி அதைக் காட்டிக் கேட்டாள்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சடைச்சியும் பார்த்தாள். அவள் கையில் முள் கிழித்த கீறல்கள் காய்ந்திருந்தன.

வரும் வழியிலேயே அவர் அந்தத் திறப்பைப் பார்த்திருந்தார். அது எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். அவர் இறங்காத பக்கம்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு மூச்சு போதும்.

"ஒண்ணுதான்" என்றார்.

சடைச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே போனாள். யாரும் வழி மறிக்கவில்லை. யாரும் வழி விடவும் இல்லை. அவளாக இடித்துக்கொண்டுதான் போனாள்.

*

"ஒருத்தி திருடியிருக்கா அம்மா. எப்படித் தீர்த்து வைக்கிறது?"

மடத்து வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டார். உள்ளே வரவில்லை.

உலகம்மை சுண்ணாம்புப் பொடி இருந்த சிரட்டையை அவர் பக்கம் தள்ளினார்.

"வரைங்க அண்ணாச்சி."

வரைந்தார். இரண்டு முக்கோணம். மேல் வரப்பில் ஒவ்வொரு கீறல். சரிவு வரப்பில் இரண்டிரண்டு கீறல்.

பிறகு பொடியைக் கையில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் பொடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டியது.

உலகம்மை காத்திருந்தார்.  திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

கடைசியில் வளைவைப் போட்டார். நடு மூலையில் இல்லை. அளந்த மூலையில்.

தலையை நிமிர்த்தவே இல்லை. காது மடல் சிவந்திருந்தது. நரைத்த தலைக்குக் கீழே சிவந்த காதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஊர்லயும் இங்கதான் போட்டீங்களா?"

"இல்ல."

"எங்க போட்டீங்க?"

விரலால் நடு மூலையைத் தொட்டார்.

உலகம்மை சிரட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவர் குரல் கெஞ்சலாக வந்தது. "ஆனா அம்மா, ரெண்டு பக்கம் சமம். ஒரு கோணம் சமம். அது நடுக்கோணமா இல்லாட்டியும் வயல் ஒண்ணாத்தானே இருந்தாகணும்? நான் சொன்னது சரியாத்தானே இருக்கும்?"

மாட்டிக்கொண்ட பிறகும் ஜெயிக்கப் பார்க்கிறார். மனுஷன் அப்படித்தான்.

உலகம்மை எழுந்து போய் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"இதைக் கொண்டு போய்ச் சடைச்சி வயல்ல கட்டுங்க."

"எந்த இடத்துல?"

"ரெண்டு வரப்பும் சேருற மூலையில."

"கயிறு எவ்வளவு நீளம்?"

"சரிவு வரப்பு எவ்வளவோ, அவ்வளவு."

*

நடு மூலையில், வேலியை ஒட்டி வெளியே முளை அடித்தார். முன்பு முடிச்சுப் போட்டு வைத்த அதே கயிறு, அதே நீளம். ஆட்டைக் கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

ஆடு சரிவு வரப்பின் வெளி ஓரமாகவே மேய்ந்துகொண்டு இறங்கியது. வாய்க்கால் கரைக்கு வந்தது.   கயிறு விறைத்தது. சடைச்சியின் வயல் முடிகிற முனை அது.

சரி, வரப்பும் கயிறும் ஒரே நீளம். விறைக்கத்தானே செய்யும்?

ஆடு தண்ணீர் குடித்தது. பிறகு கரையோரமாகவே நடந்தது, வயலுக்கு வெளியே, பொதுப் புல்லுக்கு. கயிறு தளர்ந்தது. தளர்ந்து தரையில் இழுபட்டது. ஆடு இன்னும் நடந்தது.

கோமதிநாயகம் எழுந்து நின்றார்.

ஆடு நின்றது. கயிறு மறுபடி விறைத்தது.

அதே முளை. அதே கயிறு. அதே கரை. வாய்க்காலைத் தொட்ட மேல் வரப்பு மூலையிலும் ஒரு மாற்றமும் இல்லை. கயிறு கரையைத் தொட்ட இடம் மட்டும் இரண்டு. அந்த மூலைக்குப் பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று.

பக்கத்தில் இருந்த இடத்தோடு சடைச்சியின் வயல் முடிந்துவிட்டது.

அப்படியானால் மாடத்தியின் வயல்?

ஆட்டை அப்படியே விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி ஓடினார். மாடத்தியின் வாய்க்கால் கரைக்கு வந்தார். வேட்டியைப் பார்க்கவில்லை. இறங்கினார். சேறு முழங்காலை இழுத்தது. நண்டு ஒன்று விரலைப் பிடித்தது. கையோடு கொண்டு வந்திருந்த கோலால் மூன்றாவது பக்கத்தை அளந்தார். திரும்பி வந்து, சடைச்சியின் மேல் வரப்பு மூலையிலிருந்து ஆடு நின்ற தூரத்து இடம் வரைக்கும் அளந்தார்.

ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை.

அக்காவின் வயல் தூரத்தில் முடிந்திருந்தது. தங்கையின் வயல் பக்கத்தில் முடிந்திருந்தது. அவர் அளந்த மூன்றும் இரண்டிலும் சமம். வயல் வேற.

சடைச்சி எப்போது வந்து நின்றாளோ தெரியாது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சாமி, இப்போ ஆடு மேய்க்க அனுப்பிட்டாங்களா?"

 அவர் வேட்டியிலிருந்து சேறு வழிந்தது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

*

தளவாயைத் தேடிப் போனார். முள் வெட்டும்போது எதைப் பார்த்து வெட்டினீர் என்று கேட்டார்.

ரெண்டு வயலையும் ஒருதரம் சுத்தி நடந்து பார்த்து, ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வெட்டினேன் என்றார் தளவாய். மொத்தத்தில் தப்பு வராது. என் வேலியில் இதுவரைக்கும் மிஞ்சினதும் இல்லை, குறைஞ்சதும் இல்லை. சரிபாதியாகப் பிரிக்கச் சொன்னது நான் இல்லை, சாமி சொன்னதை வைத்து அவர்கள் பிரித்தார்கள். என்னவோ திருட்டுப் போய்விட்டதாமே?

கோமதிநாயகம் நேரே சடைச்சியின் வாசலுக்குப் போனார். மிச்சக் கட்டுகள் அங்கேயே கிடந்தன. சும்மாடுகூட இல்லாமல் ஒரு கட்டைத் தூக்கித் தலையில் வைத்தார். உடைமுள். விரல் நீளம் இருக்கும்.

தெரு முழுக்கப் பார்த்தது. சாமி எதற்கு முள் சுமக்கிறார் என்று பின்னாலேயே வந்தது. ஒருவர் கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்றார். இந்தத் தடவை நிஜமாகவே வேண்டாம் என்றார்.

மாடத்தியின் திறப்பில் கொண்டு போய் இறக்கினார். திரும்பிப் போய் அடுத்த கட்டு. அதற்கடுத்த கட்டு. சேற்றில் நின்று தானே அடுக்கினார். கடைசிக் கட்டை வைத்ததும் திறப்பு மூடிக்கொண்டது. ஒரு கிளை மிஞ்சவில்லை. ஒரு கை நுழைய இடம் இல்லை.



முதலில் மாடத்திதான் பேசினாள். "அப்போ முள் களவு போகல."

"சாமி கை வச்சதும் நிறைஞ்சிடுச்சு பாரு" என்றார் அந்தக் கிழவர். கையைக் கூப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் கூப்பினார். ஒவ்வொருவராகக் கை கூப்ப ஆரம்பித்தார்கள். சாமி ஒண்ணு என்று சொன்னால் ஒண்ணுதான், நாம்தான் சந்தேகப்பட்டோம் என்று பேச்சு பரவியது.

ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். எல்லாம் முடிந்துவிடும். சடைச்சியைத் திருடி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவரையும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கோல்கூடக் கிடைக்கலாம்.

சடைச்சி கும்பிடவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயல் இன்னும் குறுகலாகத்தான் இருந்தது.

நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொண்டார்.

"நான் அளக்கல."

முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

"என்ன சாமி?"

"புற்று மூலையில நான் சட்டம் வைக்கல. அளக்காத மூலையில குறி போட்டேன். வாய்க்கால்ல இறங்கல. வேட்டி அழுக்காகும்னு இறங்கல. ரெண்டும் வேற. மாடத்தி துண்டு பெரிசு. சடைச்சி துண்டு சின்னது."

கூப்பிய கைகள் இறங்கின. சில கைகள் இறங்க மறந்து அப்படியே நின்றன. அவற்றைப் பார்ப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சடைச்சி முன்னால் வந்தாள். அவளுக்கு இப்போது எல்லோரும் வழி விட்டார்கள்.

"அப்போ நான் திருடியா சாமி?"

"இல்லம்மா."

"சத்தமாச் சொல்லுங்க. அன்னைக்கு ஒண்ணுதான்னு சொன்னப்போ எவ்வளவு சத்தமாச் சொன்னீங்களோ, அவ்வளவு."

அவர் ஒருதரம் சொன்னார். குரல் உடைந்துவிட்டது. மறுபடி சொன்னார்.

"சடைச்சி திருடல. தப்பு என்னோடது."

வாய்க்காலுக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டது. ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

மாடத்தி தங்கையின் பக்கம் போனாள். தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். சடைச்சி அவளைப் பார்க்காமல், வேலியில் சரிந்திருந்த ஒரு கிளையைச் சரியாகச் செருகிவிட்டுப் போனாள்.

*

ஆட்டைப் பிடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். கோலை, முன்பு இருந்த இடத்திலேயே சுவரில் சாய்த்து வைத்தார். கை கூசியது. தொட்ட இடத்தைத் துண்டால் துடைத்தார்.

உலகம்மை ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா?"

"வேற அம்மா."

"எப்படித் தெரிஞ்சுது?"

அவர் யோசித்தார். ஆடு என்று சொல்லலாம். கயிறு என்று சொல்லலாம். வாய்க்கால் பக்கம் என்று சொல்லலாம். எல்லாம் சரியான பதில்கள்தான்.

"சடைச்சி சொன்னா."

"எப்போ சொன்னா?"

கோமதிநாயகம் தன் காலைப் பார்த்தார். சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"முதல் நாளே அம்மா. என் பக்கத்துல நின்னு."